'தூள்' பாட்டி பரவை முனியம்மா: ஊரே கேட்ட குரல், வீட்டுக்கு வராத காசு - என்னதான் நடந்தது?

2003 பொங்கல். தியேட்டரில் 'தூள்' ஓடிக்கொண்டிருக்கிறது. விக்ரமைச் சுற்றி அடியாட்கள். சண்டை தொடங்கும்போது ஒரு குரல் எழுகிறது. பாடுவது கண்ணுக்குத் தெரியாத பின்னணிப் பாடகர் இல்லை. அதே காட்சியில் நிற்கும் ஒரு கிராமத்துப் பாட்டி. கண்டாங்கிச் சேலை, நெற்றி நிறைய திருநீறு, கணீர்னு ஒரு குரல். பேரனைச் சிங்கத்துக்கு ஒப்பிட்டு அவர் பாடப் பாட, விக்ரம் அடிக்க அடிக்க, தியேட்டரில் விசில்.

அந்தப் பாட்டி, பரவை முனியம்மா. அப்போது அவர் அறுபதுகளில் இருந்தார்.

இன்றைக்கும் அந்தப் பாட்டு ரீல்ஸில் ஓடுகிறது. ஜிம் வீடியோ, பைக் வீடியோ, காலேஜ் கல்ச்சுரல்ஸ், கல்யாண வீட்டு மாப்பிள்ளை என்ட்ரி என்று எல்லாவற்றுக்கும் அது பிஜிஎம். ஆனால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர், 2015-ல் மருத்துவச் செலவுக்கு உதவி கேட்கும் நிலைக்கு வந்தார். 2020-ல், ஊரடங்கின் ஐந்தாவது நாளில், சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தார்.

இவ்வளவு பிரபலமான ஒரு குரலுக்கு ஏன் இந்த நிலை? சினிமா உலகம் ஏமாற்றிவிட்டது, அரசு கண்டுகொள்ளவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் விஷயம் அவ்வளவு எளிதில்லை. இதில் சட்டம் இருக்கிறது, சீசன் இருக்கிறது, 'நாட்டுப்புறப் பாட்டுக்கு ஓனர் யார்?' என்ற பெரிய கேள்வியும் இருக்கிறது.

யார் இந்த பரவை முனியம்மா?

மதுரை ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறினால், விளாங்குடி தாண்டியதும் வருவது பரவை. இன்று கிட்டத்தட்ட மதுரையோடு ஒட்டிவிட்ட ஊர். முனியம்மா வளர்ந்த காலத்தில் அது வயல்காடு. வைகைக்கு வடக்கே பெரியாறு பாசனத் தண்ணீர் பாயும் சமவெளி. நெல் விளைகிற பூமி.

நெல் விளைகிற இடத்தில் பாட்டும் விளையும். நாற்று நடும்போது நடவுப் பாட்டு, களை எடுக்கும்போது ஒரு பாட்டு, பிள்ளையைத் தூங்க வைக்கத் தாலாட்டு, செத்த வீட்டில் ஒப்பாரி, அம்மன் கோயில் முளைப்பாரியில் கும்மி. இதையெல்லாம் யாரும் நோட்டுப் போட்டுக் கற்றுக்கொள்வதில்லை. அம்மா பாடுவதைக் கேட்டு மகள் பாடுவாள். அவ்வளவுதான்.

முனியம்மாவும் அப்படி வந்தவர்தான். சின்ன வயதிலிருந்தே பாட்டு. பிறகு கோயில் திருவிழா மேடைகள், கேசட் பதிவுகள், வெளியூர் நிகழ்ச்சிகள், வெளிநாட்டுத் தமிழர்கள் நடத்திய விழாக்கள் என்று வட்டம் பெரிதானது. ஊரின் பெயரே அவருக்கு முன்பெயராகிவிட்டது. சினிமா அவரைத் தேடி வந்தபோது அவர் புதுமுகம் இல்லை. மதுரைப் பக்கம் திருவிழா மேடை பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

இது முக்கியம். ஏனென்றால் 'தூள்' அவரை உருவாக்கவில்லை. ஏற்கெனவே பல வருடம் மேடையில் காய்ச்சி எடுத்த ஒரு குரலை 'தூள்' பயன்படுத்திக்கொண்டது.

சினிமாவில் 'பாட்டி' எப்படி வந்தார்?

நாட்டுப்புறக் குரலைத் தமிழ் சினிமா தேடிப்போனது 'தூள்' படத்தில்தான் முதல்முறை என்று நினைத்தால், அது தப்பு.

1985 டிசம்பரில் வந்த 'ஆண் பாவம்' ஞாபகம் இருக்கிறதா? பாண்டியராஜன் இயக்கி நடித்த அந்தப் படத்தில் பாட்டியாக வந்து, பாடவும் செய்தவர் கொல்லங்குடி கருப்பாயி. சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடிக்காரர். வானொலியில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர். படிப்பு இல்லை, ஆனால் எந்தச் சூழ்நிலைக்கும் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுவார். 1993-ல் கலைமாமணி விருது பெற்றார். 2025 ஜூனில், 99 வயதில் காலமானார்.

1994-ல் 'காதலன்'. ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 'பேட்டராப்'. தமிழ் ராப் என்றதும் எல்லாருக்கும் சுரேஷ் பீட்டர்ஸ்தான் ஞாபகம் வருவார். அதே பாட்டில் இன்னொரு குரலும் இருக்கிறது: தேனி குஞ்சரம்மாள். கிராமத்துப் பாட்டுக்காரர். நகரத்து ராப்புக்கு நடுவில் அந்தக் குரல் நுழைந்ததுதான் அந்தப் பாட்டின் கெத்து.

கொல்லங்குடி, தேனி, பரவை. மூன்று பேருக்கும் ஊர்ப்பெயர்தான் அடையாளம். மூன்று பேரும் மதுரையைச் சுற்றியுள்ள தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். மூன்று பேரையும் சினிமா வயதான பிறகுதான் கண்டுபிடித்தது.

'தூள்' படத்துக்குப் பிறகு முனியம்மாவுக்குப் படங்கள் வரிசையாக வந்தன. பெரும்பாலும் பாட்டி வேடம்தான். டிவியில் கிராமத்துச் சமையல் நிகழ்ச்சியும் செய்தார். 2010-ல் சினிமா கிளிஷேக்களை எல்லாம் கலாய்த்த 'தமிழ்ப் படம்' வந்தபோது, மிர்ச்சி சிவாவுக்குப் பாட்டி யார்? முனியம்மாவேதான். ஒருவரை வைத்தே ஸ்பூஃப் எடுக்க முடிகிறது என்றால், அவர் எந்த அளவுக்கு மனதில் பதிந்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2014 ஏப்ரலில் 'மான் கராத்தே'. அனிருத் இசை. 'ராயபுரம் பீட்டரு' பாட்டைச் சிவகார்த்திகேயனோடு சேர்ந்து பாடியவர் முனியம்மா. எழுபதைத் தாண்டிய வயதில், அன்றைய டாப் இசையமைப்பாளர், அன்றைய டாப் ஹீரோவோடு ஒரு ஹிட்.

அடுத்த வருடமே நிலைமை தலைகீழ்.

2015-ல் என்ன ஆச்சு?

சிறுநீரகப் பிரச்சினையால் முனியம்மா படுத்துவிட்டார். சிகிச்சைக்குப் பணம் இல்லை என்ற செய்தி வெளியே வந்தது. 'தூள்' பாட்டிக்கா இந்த நிலை என்று பலரும் அதிர்ந்தார்கள். திரையுலகிலிருந்து சிலர் உதவினார்கள். அப்போதைய முதல்வர் ஜெயலலிதா, 6 லட்சம் ரூபாயை வங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டு, அதன் வட்டி மாதாமாதம் அவருக்குக் கிடைக்க ஏற்பாடு செய்தார்.

நல்ல உதவிதான். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 லட்சத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீத வட்டி என்று வைத்தால், வருடத்துக்கு 48,000 ரூபாய். மாதத்துக்கு 4,000 ரூபாய். சிறுநீரகப் பிரச்சினைக்கு மருந்து, டெஸ்ட், ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற செலவு எல்லாம் இதற்குள் அடங்குமா? அடங்காது.

2019 கடைசியில் அவர் உடல்நிலை மறுபடி மோசமானது. அப்போது அவர் வைத்த கோரிக்கை ஒன்று செய்திகளில் வந்தது. தனக்குப் பிறகு இந்த உதவித்தொகை, தன்னை நம்பி இருக்கும் மகனுக்குத் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதுதான் அது. தன் பாட்டுக்கான ராயல்டி மகனுக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஏனென்றால், விட்டுச்செல்ல அப்படி ஒன்று கைவசம் இல்லை. இருந்தது உதவித்தொகை மட்டும்தான்.

பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பாட்டு ஹிட்டானால் பாடினவருக்குக் காசு வராதா?

ஒரு சினிமாப் பாட்டில் பல உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வரிகளை எழுதியவருக்கு ஒன்று, மெட்டுப் போட்டவருக்கு ஒன்று, பதிவு செய்யப்பட்ட ஆடியோவுக்கு ஒன்று. ஆடியோ உரிமை பெரும்பாலும் மியூசிக் கம்பெனியிடம் இருக்கும். பாடுபவருக்கு இருப்பது 'நிகழ்த்துநர் உரிமை'. இது 1994 திருத்தத்தில்தான் இந்தியக் காப்பிரைட் சட்டத்துக்குள் முறையாக வந்தது.

ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. தன் குரலைப் படத்தில் சேர்க்க ஒருவர் ஒருமுறை சம்மதித்துவிட்டால், அந்தப் படத்தைப் பொறுத்தவரை அவருடைய நிகழ்த்துநர் உரிமை அதோடு முடிந்தது. ஸ்டுடியோவுக்குப் போனோம், பாடினோம், கையில் கொடுத்த பேமென்ட்டை வாங்கினோம், கிளம்பினோம். பாட்டு அதன்பிறகு பத்து வருடம் ஓடினாலும், இருபது வருடம் ஓடினாலும் சட்டப்படி கேட்க எதுவும் இல்லை.

'தூள்' வந்தது 2003-ல். அதாவது இந்த ஓட்டை இருந்த காலத்தில்.

2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காக அழுத்தமாகப் பேசினார். 38ஏ என்ற புதிய பிரிவு வந்தது. படத்தில் பாடச் சம்மதித்திருந்தாலும்கூட, அந்தப் பதிவை வணிக ரீதியாகப் பயன்படுத்தினால் பாடியவருக்கு ராயல்டி உண்டு என்றது அது. இந்த உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். அடுத்த ஆண்டே, 2013-ல், பாடகர்கள் சேர்ந்து 'இஸ்ரா' என்ற உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

அப்போ 2014-ல் வந்த 'ராயபுரம் பீட்டரு' பாட்டுக்கு ராயல்டி இருக்கணுமே? சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் சட்டத்தில் இருப்பது தானாக வீடு தேடி வராது. சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். எந்தெந்தப் பாட்டுப் பாடினோம் என்று பதிவு செய்ய வேண்டும். வங்கிக் கணக்கு, பான் கார்டு, ஒப்பந்தக் காகிதம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். மியூசிக் கம்பெனிகளும் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும். அதற்காகப் பெரிய பெரிய பாடகர்களே வருடக்கணக்கில் கோர்ட் படி ஏறினார்கள்.

மேனேஜர், வக்கீல், ஆடிட்டர் இருக்கிற பாடகருக்கே இது தலைவலி. வயல்காட்டிலும் திருவிழா மேடையிலும் பாட்டுக் கற்ற ஒரு பாட்டிக்கு?

நாட்டுப்புறப் பாட்டுக்கு ஓனர் யார்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது இன்னும் ஆழமானது.

ஒரு நடவுப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். யார் எழுதியது? தெரியாது. யார் மெட்டு? தெரியாது. ஊருக்கு ஊர் வரி மாறும், ஆளுக்கு ஆள் இழுப்பு மாறும். காப்பிரைட் சட்டம் 'ஆசிரியர் யார்?' என்று கேட்கிறது. நாட்டுப்புறப் பாட்டு 'ஊரே ஆசிரியர்' என்கிறது. இந்தப் பதிலுக்குச் சட்டத்தின் விண்ணப்பப் படிவத்தில் கட்டம் இல்லை.

விளைவு என்ன? ஒரு கிராமத்துப் பெண் பாடிக் காட்டிய மெட்டை எடுத்து ஒருவர் பாட்டுப் போட்டால், மெட்டுக்கான உரிமை அவர் பெயரில் போய்விடும். பாடிக் காட்டியவருக்கு நன்றி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

இந்தப் பாட்டுகளைச் சேகரித்துக் காப்பாற்றிய வேலையும் மதுரையில் நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவருடைய கணவர் நவநீதகிருஷ்ணனும் ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். விஜயலட்சுமிக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் பிறந்த கே.ஏ.குணசேகரன், 'தன்னானே' குழு மூலம் அதே பாட்டுகளை ஒடுக்கப்பட்டவர்களின் அரசியல் மேடைக்குக் கொண்டுபோனார்.

இவர்கள் பாட்டைக் காப்பாற்றினார்கள். ஆனால் பாடுகிறவரின் பிழைப்பைக் காப்பாற்ற ஆள்கள் மட்டும் போதாது, ஒரு ஏற்பாடு வேண்டும்.

ஆப்பிரிக்காவில் இன்னொரு சிங்கப் பாட்டு

இதே கதை வேறொரு கண்டத்திலும் நடந்திருக்கிறது. அங்கேயும் ஒரு சிங்கப் பாட்டு!

சாலமன் லிண்டா. தென்னாப்பிரிக்காவில் ஜூலு மொழி பேசும் கிராமத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் பிழைக்க வந்தவர். 1939-ல் தன் குழுவோடு ஒரு பாட்டைப் பதிவு செய்தார். பெயர் 'எம்பூபே'. ஜூலுவில் அதற்குச் 'சிங்கம்' என்று அர்த்தம். அந்தப் பாட்டின் உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது வெறும் 10 ஷில்லிங்.

அந்தப் பாட்டு அமெரிக்கா போனது. 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்று மாறியது. உலகம் முழுக்க ஹிட். 1994-ல் டிஸ்னியின் 'தி லயன் கிங்' படத்திலும் வந்தது. நீங்களும் கண்டிப்பாகக் கேட்டிருப்பீர்கள். லிண்டா 1962-லேயே வறுமையில் இறந்துபோயிருந்தார். 2000-ல் பத்திரிகையாளர் ரியான் மாலன் இந்தக் கதையை எழுதினார். 2004-ல் குடும்பம் டிஸ்னி மீது வழக்குப் போட்டது. 2006-ல் சமரசம் ஏற்பட்டு, லிண்டாவின் வாரிசுகளுக்கு ராயல்டியில் பங்கு கிடைத்தது. பாடியவர் இறந்து 44 வருடம் கழித்து!

அதே தென்னாப்பிரிக்காவில் 1990-களில் ஒரு புதுத் தலைமுறை வந்தது. நிறவெறி ஆட்சி முடிந்து 1994-ல் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்த காலம். சோவெட்டோ மாதிரியான கறுப்பினக் குடியிருப்புகளின் இளைஞர்கள், ஹவுஸ் மியூசிக்கின் வேகத்தைக் குறைத்து, அதன்மேல் தங்கள் தெரு பாஷையில் பாடினார்கள். அதுதான் 'குவைட்டோ'. நம்ம ஊர் கானாவும் திருவிழாக் குத்தும் சேர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

குவைட்டோ ஸ்டார்களில் ஒருவர் மண்டோசா. சோவெட்டோவின் ஜோலா பகுதிக்காரர். 2000-ல் வந்த அவருடைய 'ன்கலகத்தா' கறுப்பர், வெள்ளையர் என்று பார்க்காமல் எல்லா விருந்திலும் ஒலித்தது. புற்றுநோயோடு போராடி, 2016 செப்டம்பரில் 38 வயதில் இறந்தார். இறப்பதற்கு ஒரு வாரம் முன்புகூட மேடை ஏறினார்.

குவைட்டோவில் முனியம்மா கதைக்குத் தேவையான பாடம் ஒன்று இருக்கிறது. அந்த இளைஞர்களில் சிலர் பாடுவதோடு நிற்கவில்லை. ஆர்தர் மஃபோக்காட்டே '999 மியூசிக்' என்று சொந்தமாக லேபிள் தொடங்கினார். 'கலாவா ஜாஸ்மீ' லேபிளைக் கலைஞர்களே உருவாக்கினார்கள். லிண்டாவின் தலைமுறை பாட்டை விற்றது. இவர்கள் பாட்டை வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். எல்லாருக்கும் அது கைகூடவில்லை. ஆனால் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதுதான் விஷயம் என்று புரிந்துகொண்டார்கள்.

சினிமாவை விடுங்க, மேடையில் எவ்வளவு வரும்?

நியாயமான கேள்வி. நாட்டுப்புறக் கலைஞரின் முதல் வருமானம் சினிமா இல்லை, திருவிழா.

மதுரைப் பக்கம் இது எப்படி நடக்கும்? ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கொடுத்துத் தேதி வாங்குவார்கள். தை பிறந்தால் களைகட்டத் தொடங்கும். பங்குனி, சித்திரை, வைகாசியில் உச்சம். பங்குனிப் பொங்கல், அழகர் இறங்கும் சித்திரைத் திருவிழா, மாரியம்மன் கோயில் முளைப்பாரி, பிறகு ஆடி என்று ஓடும். கரகம், நையாண்டி மேளம், வள்ளி திருமணம் நாடகம், நாட்டுப்புறப் பாட்டுக் கச்சேரி எல்லாத்துக்கும் அதுதான் சீசன். அதன்பிறகு புக்கிங் குறையும். புரட்டாசி, ஐப்பசி, மழைக்காலம் எல்லாம் கையிருப்பைத் தின்கிற மாதங்கள்.

சம்பளம் என்று ஒன்று கிடையாது. பி.எஃப். கிடையாது. இன்ஷூரன்ஸ் கிடையாது. குரல் இருக்கிற வரைக்கும் காசு. படுத்துவிட்டால் மேடை இல்லை, மேடை இல்லையென்றால் வருமானம் இல்லை. கம்பெனி வேலையில் இருப்பவருக்கு மெடிக்கல் லீவு உண்டு. இங்கே லீவு போட்டால் அந்தத் தேதி இன்னொருவருக்குப் போய்விடும்.

2007-ல் தமிழக அரசு நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் அமைத்தது. பதிவு செய்தவர்களுக்கு விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு, திருமணம், ஈமச்சடங்குக்கான உதவித்தொகைகள் உண்டு. நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவி தனியாக இருக்கிறது. இவையெல்லாம் தேவைதான். ஆனால் கவனியுங்கள்: இதெல்லாம் உதவி. ராயல்டி என்பது உரிமை. உதவிக்கு மனு போட வேண்டும், சான்றிதழ் காட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். முனியம்மாவின் கடைசி ஐந்து வருடம் முழுக்க உதவியின் கதைதான். ராயல்டி என்ற சொல்லே அதில் வரவில்லை.

2020 மார்ச் 29

2019-ல் தமிழக அரசு, 2011 முதல் 2018 வரையிலான கலைமாமணி விருதுகளை மொத்தமாக 201 பேருக்கு அறிவித்தது. அந்தப் பட்டியலில் பரவை முனியம்மா பெயரும் இருந்தது. கொல்லங்குடி கருப்பாயிக்கு 1993-ல் கிடைத்த விருது, இவருக்கு உடம்பு தளர்ந்த பிறகு வந்தது.

2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, பரவையில் முனியம்மாவின் உயிர் பிரிந்தது. எண்பது வயதைத் தாண்டியிருந்தார். பஸ் ஓடவில்லை. கூட்டம் கூடத் தடை. சாதாரண நாளாக இருந்திருந்தால், அவருடைய மேடையைப் பார்த்த ஊர்களெல்லாம் பரவைக்குத் திரண்டிருக்கும். ஊர் ஊராகப் போய்ப் பாடியவரை வழியனுப்ப ஊர்களால் வர முடியவில்லை.

அது பங்குனி மாதம். சீசன் களைகட்ட வேண்டிய நேரம். அந்த வருடம் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தை மக்கள் ஆன்லைனில் பார்த்தார்கள். கிராமத்துத் திருவிழாக்கள் ரத்து. கொடுத்த அட்வான்ஸ்களை ஊர்க்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள். முனியம்மா போன அதே வாரத்தில், அவரைப் போன்ற கலைஞர்களின் ஒரு வருடத்துச் சோறும் போனது.

இப்போ ஏதாவது மாறியிருக்கா?

கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' ஞாபகம் இருக்கும். ஒப்பாரியின் சாயலும் பாட்டியின் நினைவும் கலந்த தனிப்பாட்டு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் வீடியோவிலும் வந்தார். சினிமா இல்லாமலேயே கிராமத்துப் பாட்டி உலகம் முழுக்கப் போக முடியும் என்று அது காட்டியது.

ஆனால் 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் தனக்கோ, தீக்கோ, அறிவுக்கோ இதுவரை வருமானம் எதுவும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகவே சொன்னார். பாட்டை வெளியிட்ட தரப்பு அதை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கோடிக்கணக்கான வியூஸ் வந்த பாட்டுக்கே காசு எங்கே என்ற சண்டை வருகிறது என்றால், சேனல்கூட இல்லாத ஒரு திருவிழாப் பாடகியின் கதி என்ன?

யூடியூப்பில் இன்று தென்மாவட்ட நாட்டுப்புறக் கச்சேரி வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. பலவற்றில் பாடியவரின் பெயர்கூட இருக்காது. ஊர் பெயர், கோயில் பெயர், வீடியோ எடுத்த ஸ்டுடியோவின் போன் நம்பர் இருக்கும். விளம்பர வருமானம் சேனல் வைத்திருப்பவருக்கு.

என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. மூன்று சின்ன விஷயங்கள் நடந்தாலே நிலைமை மாறும்.

ஒன்று, பெயர். வீடியோ, ஆடியோ எதுவாக இருந்தாலும் பாடியவர் பெயரும் ஊரும் கட்டாயம் இருக்க வேண்டும். பெயர் இல்லாத இடத்தில் உரிமையும் இருக்காது.

இரண்டு, காகிதம். ஸ்டுடியோவில் பாடுகிற ஒவ்வொரு கலைஞருக்கும் தமிழில் ஒரு பக்க ஒப்பந்தம். கையெழுத்துப் போடத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டிவிட்டுக் கைரேகை. நிலம் விற்கும்போது செய்கிற காரியம்தான் இது. குரலை விற்கும்போது மட்டும் ஏன் இல்லை?

மூன்று, பதிவு. உதவித்தொகைக்கு மனு வாங்கும் நல வாரியமே, ராயல்டி சங்கத்தில் கலைஞர்களைச் சேர்க்கும் வேலையையும் செய்யலாம். மாவட்டத்துக்கு ஒரு மேசை, ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர் போதும். சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. அதைப் பரவைக்குக் கொண்டுபோக ஆள்தான் இல்லை.

அடுத்த தடவை ரீல்ஸில் அந்தக் குரல் கேட்டால், கமென்ட்டில் ஹார்ட் போடுவதோடு நிறுத்தாமல் ஒரு விஷயம் செய்யுங்கள். கேப்ஷனில் 'பரவை முனியம்மா' என்று பெயரைப் போடுங்கள். உங்கள் ஊர்த் திருவிழாவில் மொபைலில் வீடியோ எடுத்தாலும் சரி, மேடையில் பாடுகிற அக்காவிடம் பெயரைக் கேட்டு எழுதுங்கள். சாலமன் லிண்டாவின் குடும்பத்துக்கு 44 வருடம் கழித்தாவது பங்கு கிடைத்தது. பெயரே தெரியாத பாடகருக்கு அதுவும் கிடைக்காது.